கார் ஷெட்டில் நெல் இருந்தவரை

சதீஷ் மைக் வாங்குகிறான் என்பது வலங்கைமானைச் சுற்றியுள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வாங்கினான் என்று சொல்லவில்லை, வாங்குகிறான். கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறான். காதுகுத்துக்குப் போனாலும் துக்கம் கேட்கப் போனாலும் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சுதான் வரும். பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்குக் கையைக் குழித்துக்கொண்டிருக்கும்போது, "மாமா, கண்டென்சர் மைக்குக்கும் டைனமிக் மைக்குக்கும் என்ன வித்தியாசம்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். அந்த மனிதருக்குத் தெரிய வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இலையை மடித்து எழுந்திருக்க முடியாது.

வானதி நாலு இலை தள்ளி, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இத்தனையும் அவளுக்காகத்தான் என்று ஊர் நம்பியது. "பொண்டாட்டி கிட்டார் வாசிச்சுப் பாடுறான்னு எந்தப் புருஷன் இப்படி மெனக்கெடுறான்? கொடுத்து வச்சவ" என்று பெண்கள் அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். வானதி சிரித்துவைப்பாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் முழுதாக ஒரு பாட்டுப் பாடியதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கிட்டார் அவளுக்குத் தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் வந்து சேர்ந்தது. அறைத் தோழி கலைமகள் வாசிப்பாள், பார்த்துப் பார்த்து இவளும் பிடித்துக்கொண்டாள். கடைசி வருஷம் கலைமகளே, "இனிமே நீ வாசிடி, நான் கேக்கறேன்" என்று கிட்டாரைக் கொடுத்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று வானதியின் தாய்மாமன் பெருமைக்காக அதை எடுத்துவரச் சொன்னார். அவள் பாடினாள். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த சதீஷ், பஜ்ஜியைக் கையில் வைத்தபடி கேட்டுவிட்டு, கூடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "இந்தக் குரலுக்கு நான் வீட்டுலயே ஸ்டுடியோ போட்டுத் தர்றேன்."

மாவட்டம் மாவட்டமாகப் பெண் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொல்லிவிட்டு வந்தவன் அவன். அப்படிப்பட்டவன் தன்னைத் தேர்ந்தெடுத்தான் என்பதில் வானதிக்கு அப்போது கர்வம்கூட இருந்தது. தேர்ந்தெடுத்த பொருளை அவன் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவான் என்பது பிறகுதான் தெரிந்தது.

சிங்கப்பூரை முடித்துக்கொண்டு வந்தவன், சம்பாத்தியத்தில் வீடு கட்டினான். கூடம் முழுக்கக் கண்ணாடி மாதிரி டைல்ஸ். சுவரில் பாதி உயரத்துக்குக் கிரானைட். ஜன்னல்கள் ஆளுயரம், மேலே ஜிப்சம் சீலிங். சமையலறையில் கரண்டி விழுந்தால் மாடியில் கேட்கும். பக்கவாட்டில் ஷட்டர் போட்ட கார் ஷெட் ஒன்றும் உண்டு. கார் மட்டும் இல்லை. அதையும் அவன் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். என்ன தொழில் செய்வது என்பதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் வீட்டில் உலை கொதித்தது அவன் அப்பா பஞ்சநதத்தின் வயலில் விளைந்த நெல்லால்தான்.

முதலில் ஒரு மைக் வந்தது. கைப்பிடி போல இருக்கும், மேடைகளில் பார்க்கிற சாதாரண டைனமிக் மைக். கூடவே, மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று. வானதி ஆசையாக எடுத்து உட்கார்ந்தாள். அதற்குள் சதீஷ் இணையத்தில் யாரோ ஒருவன் பேசியதைக் கேட்டுவிட்டான். கிட்டாரோட நுணுக்கமெல்லாம் டைனமிக் மைக்கில் வராதாம். மைக் பரணுக்குப் போனது. அடுத்து, ஊசி விழும் சத்தத்தையும் பிடிக்கிற கண்டென்சர் மைக் வந்தது. அது நல்லதுதான், ஆனால் ஒன்று போதாது, குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று வேண்டும் என்றான். இன்னொன்று வந்தது. பிறகு கிட்டாருக்குள்ளேயே, தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் வைக்கலாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தான். ஸ்பீக்கர்கள் வந்தன, சரியில்லை என்று திரும்பிப் போயின. உலகமெங்கும் இவனைப் போலவே வேலையற்ற ஆட்கள் கூடியிருக்கும் வாட்சப் குழுக்களில் அவன் பெரிய மனிதன் ஆகிவிட்டான். அங்கே அவன் மைக்குகளைப் படம் எடுத்துப் போடுவான். ஒரு நாளும் அவற்றில் பதிவான சத்தத்தைப் போட்டதில்லை, போடுவதற்கு ஒன்றும் இல்லையே.

நடுவில் கல்லூரிப் பழைய மாணவிகள் சேர்ந்து ஆளுக்கொரு பாட்டாக ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். வானதியையும் கேட்டார்கள். "போன்லயே பாடி அனுப்பிடட்டுமாங்க?" என்று அவள் கேட்டதற்கு, சதீஷுக்கு முகமே சுருங்கிவிட்டது.

"போன்லயா? நம்ம மானம் என்னாவறது? முதல் பாட்டு வெளிய போனா அது அப்படி நிக்கணும். செட்டு ரெடியாவட்டும், பொறு."

பொறுத்தாள். அந்தத் தொகுப்பு அவள் இல்லாமலே வந்தது. அதைக் கேட்டுவிட்டு சதீஷ், "பார்த்தியா, எல்லாம் சளசளன்னு இருக்கு. நல்லவேளை நீ இதுல இல்ல" என்றான். அன்றைக்குத்தான் வானதிக்கு அவன் மேல் முதன்முதலாக ஒரு எரிச்சல் வந்து, இறங்காமல் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

தை முடிந்து மாசி பிறந்திருந்தபோது கலைமகள் போன் செய்தாள். அவள் மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"எங்க ஸ்கூல்ல ஜூன்லேருந்து மியூசிக் டீச்சர் போடறாங்கடி. கிட்டார் தெரியணும், தமிழ்ல பாடணும். உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு பாட்டு, முழுசா, வாசிச்சுக்கிட்டே பாடி அனுப்பு. தாளாளர் அம்மா கேட்டுட்டுத்தான் நேர்ல கூப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமை கடைசி. அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் வேற ஆளைப் பார்த்துடுவாங்க."

"வீட்டுல எடுத்தா போதுமாடி?"

"தாராளமா. ஆனா குரல் தெளிவாக் கேக்கணும். எதிரொலி, இரைச்சல் இருந்தா அந்தம்மா பாதியிலேயே நிறுத்திடும்."

அந்த வேலை வானதிக்கு வேண்டும். காலையில் சீவி முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு, இந்த டைல்ஸ் வீட்டை விட்டு இறங்கி பஸ் ஏற வேண்டும். பிள்ளைகள் முன்னால் நின்று வாய் திறந்து பாட வேண்டும். இதை விட்டால் அடுத்து எப்போது, யார் அவள் பெயரைச் சொல்லி வைக்கப் போகிறார்கள்?

சதீஷிடம் சொன்னாள். அவன் உற்சாகமாகிவிட்டான். வேலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "இப்பத்தான் நம்ம செட்டுக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு" என்று சொல்லி, கூடத்தின் நடுவில் கடை பரப்பினான். இரண்டு மைக், இரண்டு ஸ்டாண்டு, கால் வைக்க இடமில்லாமல் வயர். அவளை நடுவில் உட்காரவைத்து, தான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தினான்.

அவள் பாட ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினான். மறுபடி. மறுபடியும் நிறுத்தம். பக்கத்து வீட்டில் கிரைண்டர். அது நின்றால் வயலில் அறுவடை மெஷின். அந்த மைக்குகள் தெருமுனையில் இருமுகிறவனையும் விட்டுவைக்கவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டால், ஆள் வராத கல்யாண மண்டபத்தில் யாரோ தனியாக நின்று கத்துவது மாதிரி இருந்தது. குரல் டைல்ஸில் பட்டு, கண்ணாடியில் பட்டு, தன் வாலைத் தானே மிதித்துக்கொண்டு திரும்பி வந்தது.

"மைக் சரியில்ல" என்றான் சதீஷ்.

"ரெண்டுமேவா?"

"இதெல்லாம் ஆரம்பக்காரங்களுக்கு உள்ளது வானதி. ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். ஆர்டர் போட்டா அடுத்த வாரம் வந்துடும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணுங்க."

"அரைகுறையா அனுப்பறதுக்கு அனுப்பாமலே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அவன் லேப்டாப்பில் விலை பார்க்க உட்கார்ந்தான். அவனுக்கு அதில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. புதிதாக ஒன்று தேர்ந்தெடுக்கச் சாக்குக் கிடைத்த சந்தோஷம் முகத்தில் வழிந்தது. இந்த ஆளை நம்பியா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோம் என்று வானதிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அந்த வருஷம் சம்பா அறுத்த நெல் கார் ஷெட்டில்தான் கிடந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். முந்தின வருஷம் திறந்த வெளியில் கொட்டிவைத்து மழையில் முளைத்துப்போனதைப் பஞ்சநதம் மறக்கவில்லை. காயவைத்து, சாக்கில் கட்டி, மகனுடைய வராத காருக்குக் கட்டிய ஷெட்டில் மூன்று பக்கச் சுவரையும் மறைத்து, கைக்கு எட்டாத உயரம் வரை அடுக்கிவிட்டார். நடுவில் ஒரு கட்டில் போடுகிற அளவு இடம்தான் மிச்சம். வீட்டுக்குள்ளிருந்து அதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு.

புதன்கிழமை சாயங்காலம், எலி ஓடுகிற சத்தம் கேட்டு வானதி அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனாள். "சூ" என்று அதட்டினாள். அதட்டிய சத்தம் அவளுக்கே வித்தியாசமாகப் பட்டது. வாயை விட்டு வந்ததும் அங்கேயே நின்றது. எங்கேயும் போய் இடிக்கவில்லை, எதுவும் திரும்பி வரவில்லை. வெளியே ஓடிக்கொண்டிருந்த அறுவடை மெஷின் எங்கேயோ தூரத்தில் முனகியது. இரண்டு வரி முணுமுணுத்துப் பார்த்தாள். விடுதி அறையில் மெத்தையும் துணியுமாகக் குவிந்த கட்டிலில் உட்கார்ந்து பாடியபோது கேட்ட அதே குரல். அது தன்னிடம் இன்னும் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பரணில் ஏறி அந்த முதல் மைக்கை இறக்கினாள். தூசியைத் துடைத்து, சின்னப் பெட்டியில் செருகி, ஒரு மூட்டை மேல் லேப்டாப்பை வைத்தாள். மைக்கைத் தன் மோவாய்க்கும் கிட்டாரின் வாய்க்கும் நடுவில் வரும்படி நிறுத்தினாள். குரல் தூக்கலாக இருந்தது. ஒரு ஜாண் கீழே இறக்கினாள். இப்போது இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் வந்தன. ஒரு பல்லவி மட்டும் பாடிப் பதிவு செய்து கேட்டாள். காதோரம் ஒருத்தி உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது.

அதோடு யாரிடமும் சொல்லாமல் இரண்டு பாட்டையும் அப்போதே பாடி முடித்திருக்க வேண்டும். சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

சதீஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். கண்ணை மூடினான். ஒரு நிமிஷம் வானதிக்கு நம்பிக்கையே வந்துவிட்டது.

"ரூம்!" என்றான் கண்ணைத் திறந்து. "ரூம்தான் விஷயம். இவ்வளவு நாளா இது தோணாமப் போச்சே. வானதி, கார் ஷெட்டை ஸ்டுடியோ ஆக்கிடறேன். மூட்டையெல்லாம் நாளைக்கே தூக்கிட வேண்டியதுதான்."

"மூட்டையைத் தூக்கினா போச்சுங்க. அந்தச் சாக்கும் நெல்லுந்தான் சத்தத்தை உள்ள வாங்கிக்குது. வந்து பாருங்க, நடுவுல நின்னு பேசிப் பாருங்க."

அவன் சிரித்தான். சின்னப் பிள்ளை தப்புக் கணக்குச் சொன்னால் சிரிக்கிற சிரிப்பு. "உலகத்துல எந்த ஸ்டுடியோவுல நெல்லு மூட்டை அடுக்கி வச்சிருக்கான், சொல்லு. வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க. அதுக்குன்னே சுவர்ல ஒட்ட ஃபோம் விக்கிறான். நீ பாடுறதைப் பாரு, டெக்னிக்கல் சமாச்சாரத்தை என்கிட்ட விடு."

"சரி, நாளைக்குச் சாயங்காலமாவது தூக்குங்க. காலைல நான் ரெண்டு பாட்டையும்..."

"பழைய மைக்லயா? மூட்டைக்கு நடுவுல உக்காந்தா? ஸ்டுடியோ ரெடியானதும் புது மைக்ல எடுப்போம். ஸ்கூல்காரங்க ஒரு மாசம் பொறுக்க மாட்டாங்களா என்ன? அப்படிப் பொறுக்காத இடத்துல நமக்கு வேலையே வேணாம்."

நமக்கு என்றான். பேசி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று வானதிக்குத் தெரிந்துபோயிற்று.

சிங்கப்பூரிலிருந்து வந்த நாளாக ஒரு துரும்பையும் தூக்கிப் போடாதவன், அன்று ராத்திரிக்குள் கொள்முதல் நிலையத்தில் யார் யாருக்கோ போன் போட்டு, கூடப்படித்தவனைப் பிடித்து, மறுநாள் காலைக்கு முறை வாங்கிவிட்டான். லேப்டாப்பையும் ராத்திரி முழுக்க அவன் மடியை விட்டு இறக்கவில்லை. நெல் காய்ந்து வாரமாகிவிட்டது. பஞ்சநதத்துக்கு வாயெல்லாம் பல். "பரவாயில்ல, என் புள்ளையாலயும் ஒரு காரியம் ஆயிருக்கு" என்றார். மகனைப் பற்றி அவருக்கும் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

வியாழக்கிழமை விடிந்ததும் சதீஷ் ஃபோம் வாங்கக் கும்பகோணத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் போன பிறகு டிராக்டர் வந்து ஷட்டருக்கு நேராக நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். வானதி மாமனாரிடம் போனாள்.

"மாமா, ஒரு அரை மணி நேரம் பொறுத்துத் தூக்கச் சொல்றீங்களா? ஒரு பாட்டுப் பதிவு பண்ணி அனுப்பணும். வேலை விஷயம்."

பஞ்சநதம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, முறை வாங்கறதுக்கு ஊர்ல அவனவன் நாயா அலையறான். நீ பாட்டுக்காகப் பொறுக்கச் சொல்றியா? அதெல்லாம் உன் புருஷன் வந்ததும் வச்சுக்க."

மூட்டைகள் நகர ஆரம்பித்தன. ஷட்டர் பக்கத்துச் சுவர் கண்ணெதிரே வெறுமையாகிக்கொண்டு வந்தது. வானதி உள்ளே போய் ஒருமுறை கை தட்டிப் பார்த்தாள். லேசான ஒரு எதிரொலி வந்துவிட்டிருந்தது. இன்னும் இரண்டு வரிசை போனால் இந்த அறையும் கூடத்தோடு சேர்ந்துவிடும்.

மூட்டை தூக்க வருகிறவர்களுக்கு நடுவேளையில் டீயும் கடிக்க ஏதாவதும் கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். கடைக்கு ஆள் அனுப்பி வாங்கிவந்து, நின்றபடி விழுங்கிவிட்டு, மறுபடி முதுகைக் கொடுப்பார்கள். வானதி நேராகச் சமையலறைக்குப் போனாள். கடலை மாவைக் கரைத்தாள். காலையில் வேகவைத்திருந்த உருளைக்கிழங்கில் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தாராளமாக அள்ளிப் போட்டாள். கடையில் வாங்குகிற டீ ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வீட்டில் சுட்ட போண்டா, சட்னியோடு, கொல்லையில் வாழையிலை போட்டு உட்காரவைத்துக் கொடுத்தால் அப்படி முடியாது.

"எல்லாரும் கொல்லைப் பக்கம் வாங்கண்ணே. சூடா இருக்கு, உக்காந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டாள். வந்தார்கள். பஞ்சநதமும் வந்தார். எல்லார் இலையிலும் போட்டுவிட்டு, டீ அண்டாவை நடுவில் வைத்துவிட்டு, அவள் ஷெட்டுக்கு ஓடி ஷட்டரைக் கீழே இழுத்துவிட்டாள்.

மிச்சமிருந்த மூட்டைகளின் மூலையில் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தாள். மைக்கை நெருக்கி வைத்தாள். உள்ளங்கை எண்ணெய்ப் பிசுக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசித்தாள். முதல் பாட்டு பிள்ளைகளுக்காக அவள் கட்டியது. மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் ரோட்டை மறித்துக்கொண்டு, கண்டக்டர் இறங்கிக் கெஞ்சியும் நகராமல் நிற்கிற பாட்டு. பிசகில்லாமல் முடிந்தது.

இரண்டாவது பாட்டில் பாதி வந்திருப்பாள், ஷட்டரைத் தடதடவென்று யாரோ தட்டினார்கள். "அக்கா, தூக்கலாமாக்கா?" டிராக்டர் ஓட்டி வந்தவன். பாட்டு பாழ். வானதிக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அறையாமல் கொல்லைப் பக்கம் போனாள். ஆட்கள் துண்டை உதறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சநதம் மட்டும் இலையில் சட்னியை வழித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னொரு ஈடு சுட்டு வச்சிருக்கேன். அதுக்குள்ள எழுந்துட்டாங்களே" என்றாள்.

பஞ்சநதம் இலையைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். அவர் மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் யாரும் போண்டா சுட்டதில்லை. "உக்காருங்கப்பா. சுட்டதை வீணாக்கிட்டா போறது? மூட்டை எங்க ஓடிப் போவப்போவுது" என்றார். பாட்டுக்கு நிற்காத நெல், போண்டாவுக்கு நின்றது. வானதிக்குச் சிரிப்பும் வந்தது, காறித் துப்பலாம் போலவும் இருந்தது. சுட்டுவைத்திருந்ததை வாரிக் கொட்டிப் பரிமாறிவிட்டு மறுபடி ஓடினாள்.

இரண்டாவது பாட்டும் அவளுடையதுதான். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முதல் நாள், வெறும் மணலில் நடந்து போகிற ஒரு பெண்ணின் பாட்டு. நாளைக்கு இந்த இடத்தில் நடக்க முடியாது, அதனால் இன்றைக்கே அக்கரை போய்விடுகிறேன் என்று பாடிக்கொண்டு போவாள். கல்யாணமான முதல் வருஷம் எழுதி, ஒருவரிடமும் பாடிக் காட்டாதது. ஒரே மூச்சில் பாடினாள். கடைசித் தந்தி அடங்கும் வரை மூச்சுவிடாமல் இருந்து, பிறகு நிறுத்தினாள். அங்கேயே உட்கார்ந்து இரண்டையும் கலைமகளுக்கு அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று தெரிந்த பிறகுதான் ஷட்டரைத் தூக்கி, "எடுத்துக்குங்கண்ணே" என்றாள்.

மத்தியானம் சதீஷ் வந்தபோது ஷெட் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஃபோம் அட்டைகளை அவனே ஒரு சுவரில் ஒட்டினான், மிச்சச் சுவர்களுக்குப் போதவில்லை. கண்டென்சர்களை நிறுத்தினான். அப்பாவைக் கூப்பிட்டான், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டான். வானதியை நடுவில் நிறுத்தி, "ம், பாடு" என்றான்.

பாடினாள். ஃபோம் ஒட்டாத பக்கமெல்லாம் வெறும் சிமெண்டுச் சுவர். கிணற்றுக்குள் எட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. கிட்டாரின் தடித்த தந்தியைத் தொடும்போதெல்லாம் ஷட்டர் தகரம் ஜிர்ரென்று கூடவே பாடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஞ்சநதம், "கோயில் மண்டபத்துல கேக்கற மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

சதீஷ் சுவரைப் பார்த்தான், ஃபோமைப் பார்த்தான், நேற்று மூட்டைகள் இருந்த தரையைப் பார்த்தான். இப்போதாவது புரியும் என்று வானதி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் குனிந்து மைக்கைக் கழற்றினான்.

"மைக்தான் சரியில்ல" என்றான்.

வானதி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்ன?" என்றான். "ஒண்ணுமில்லீங்க" என்றாள். அந்த நிமிஷத்தில் அவன் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது. கோபப்படுவதற்கு எதிரில் ஓர் ஆள் இருக்க வேண்டும் அல்லவா? மிஞ்சியது வெறும் இளப்பம்தான். கோபத்தைவிட அது சுமக்க லேசாக இருந்தது.

மறுவாரம் கலைமகள் கூப்பிட்டாள். "தாளாளர் அம்மா ரெண்டு தடவ கேட்டாங்கடி. அந்த ஆத்துப் பாட்டு யாருது?"

"என்னுதுதான்."

"அடிப்பாவி, என்கிட்டகூடச் சொல்லலையே" என்று அவள் அழுதே விட்டாள். நேரில் பார்த்துப் பேசுவது வெறும் சம்பிரதாயமாக முடிந்தது. ஜூனில் வந்து சேரச் சொன்னார்கள்.

சதீஷிடம் விஷயத்தைச் சொன்னபோது, என்னிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டாயே என்று அவன் கோபிக்கவில்லை. அதை வானதி எதிர்பார்த்து, பதிலும் வைத்திருந்தாள். அவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கெல்லாம் போன் போட்டான். "நம்ம செட்டப்புல எடுத்ததுதான். முதல்ல வாங்கின மைக். அப்பவே எனக்குத் தெரியும், அது ஒரு தனி ரகம்" என்று குழுக்களில் அளந்தான். பரணில் கிடந்த மைக்குக்குப் பூஜை போடாத குறை. இவளிடம் வந்து, மைக் எவ்வளவு தூரத்தில் இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பெட்டியில் எந்தத் திருகை எவ்வளவு திருப்பினாய் என்று குடைந்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். என்ன பாடினாய் என்று கேட்டால், எல்லாவற்றையும் மறந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அவனுக்குப் பாடிக் காட்டியிருப்பாள். மாசி போய், பங்குனி சித்திரை போய், வைகாசியும் முடியப்போகிறது. அவன் கேட்கவில்லை.

பள்ளி திறந்த அன்று காலையில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தாள். சதீஷும் வழியனுப்ப வந்தான். நிறுத்தத்தில் நின்றவர்களிடம், "டீச்சரா சேர்றாங்க. செலக்‌ஷனுக்கு நம்ம ஸ்டுடியோவுலதான் எடுத்தோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மன்னார்குடி பஸ் வளைவில் திரும்பியது. வானதி படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து, "வானதி, ஒரு நிமிஷம்!" என்று கூப்பிட்டான்.

அவள் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள். இத்தனைக்குப் பிறகும், அந்தக் கேள்விதானோ என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

"அந்த ஸ்கூல்ல என்ன மைக் வச்சிருக்காங்கன்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வா, மறந்துடாதே" என்றான்.

கண்டக்டர் விசில் ஊதினார். வானதி உள்ளே போய், அவன் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.